தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

நிலைமை சீராகும்வரை பொழுதுபோக்குக் கண்காட்சிகளைத் தள்ளிவைக்கலாம் என்ற உங்கள் தலையங்கம் பாதிதான் சரி. தள்ளிவைப்பதில் தவறில்லை; 2020 மே மாதம் நடக்கவிருந்த லண்டன் சர்வதேச அஞ்சல்தலைக் கண்காட்சியே கொரோனாவால் 2022 பிப்ரவரிக்குப் போனது, ஆனால் நடந்தது. சிக்கல், கடைசி வாரம்வரை "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதில்தான். நான் பங்கேற்கவிருந்த ஒரு கண்காட்சி அப்படித்தான் திறப்புக்கு முந்தைய நாள் ரத்தானது. பார்த்துப் பார்த்து உறையிட்டு அனுப்பிய அஞ்சல்தலைப் பக்கங்கள் ஓரம் மடங்கித் திரும்பி வந்தன, கட்டிய கட்டணம் வரவேயில்லை.

நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளை அமைப்பாளர்கள் முதல் அறிவிப்பிலேயே போட்டுவிடட்டும். அப்புறம், அரங்குக்கு முன்பணம் கட்டும்போதே, அதை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கிவிட வேண்டும்.