வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கினா பாட்டு கேளுங்க, ஷோகேஸ்ல வெச்சுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா பல்பு மாதிரி கண்ணாடி வால்வு வெச்சு ஓடற பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் அது எவ்ளோ அழகா இருக்கு, எவ்ளோ அபூர்வம், இப்ப என்ன விலைக்குப் போகுதுன்னு தான் எழுதுறாங்க. அதைப் படிச்சு ஆசைப்பட்டு ஒருத்தர் அறுபது வருஷத்து செட் ஒண்ணை வாங்கிட்டு வந்து நேரா பிளக்ல சொருகி சுவிட்சைப் போட்டா என்ன ஆகும்ங்கறதை எழுத மாட்டேங்கறாங்க, வாங்கினதுக்கு அப்புறம் அதை ஓடவிட்டுக் கேக்கணும்ங்கறதையும் எழுத மாட்டேங்கறாங்க. இந்த செட்டுங்களோட ரொம்ப வருஷமா பழகறவன்ங்கற முறையில இந்த ரெண்டையும் எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா போனாலும் தயவுசெஞ்சு போடுங்க.

ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலா விற்பனைக்கு வந்ததே 1958-ல தான். அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் மோனோ, அதாவது ஒரே சேனல், இங்கிலாந்துல 1953-ல வந்த குவாட் 2 ஆம்ப்ளிஃபயர் கூட ஒரு சேனல் தான், ஸ்டீரியோ வேணும்னா ரெண்டு வாங்கி பக்கத்துல பக்கத்துல வைக்கணும். 1960கள் பாதி தாண்டினதும் ட்ரான்சிஸ்டர் வந்து எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளிடுச்சு, ஆக வீட்ல கேக்கறதுக்குன்னு வால்வு ஸ்டீரியோவை மும்முரமா செஞ்ச காலம் பத்து வருஷம் கூட இருக்காது. அந்தக் கொஞ்ச நாள்ல வந்தது தான் 1959-ல டைனகோ ஸ்டீரியோ 70, 1961-ல மெக்கின்டாஷ் எம்சி275, அப்புறம் லீக் ஸ்டீரியோ 20, மாரன்ட்ஸ் 8பி, ஃபிஷர், ஸ்காட் எல்லாம். என்கிட்ட இருக்கறது ஸ்டீரியோ 70, சேனலுக்கு 35 வாட், ஸ்பீக்கரை ஓட்டற பவர் வால்வு இஎல்34 நாலு, ஏசியை டிசியா மாத்தற ரெக்டிஃபயர் வால்வு ஜிஇஸட்34 ஒண்ணு. இந்த மாடல் கிட்டாவும் வித்தாங்க, வாங்கினவங்களே வீட்ல உக்காந்து சோல்டர் பண்ணி செஞ்சிருப்பாங்க, அதனால ஒரு செட் மாதிரி இன்னொரு செட் இருக்காது. வாங்கும்போது திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்காகத் தான். மேல குரோம் பளபளன்னு இருக்கும், உள்ள சோல்டரிங் எல்லாம் உருண்டை உருண்டையா ஒட்டாம நிக்கும்.

வாங்கும்போது முதல்ல பாக்க வேண்டியது ட்ரான்ஸ்ஃபார்மரைத் தான், வால்வை இல்ல. வால்வு இன்னைக்கும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனால செய்யறாங்க, இஎல்34 புதுசாவே கிடைக்கும். கண்டென்சர், ரெசிஸ்டர் எல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம். ஆனா பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிருந்தா அதே மாதிரி சுத்தறது லேசுப்பட்ட வேலை இல்ல, அந்த செட்டோட குரலே அதுல தான் இருக்கு. கருகின வாசனை வருதா, தார் மாதிரி ஏதாவது உருகி வழிஞ்சிருக்கான்னு பாருங்க, செட் ஆஃப்ல இருக்கும்போது மல்டிமீட்டர் வெச்சு ரெண்டு சேனல் ட்ரான்ஸ்ஃபார்மரையும் அளந்து ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினா நிம்மதி, ஒண்ணு ஓப்பன்னு, அதாவது உள்ள கம்பி அறுந்திருக்குன்னு காட்டினா பேசாம நகந்துடுங்க. பவர் வால்வுக்கு சிக்னல் கொடுக்கற டிரைவர் வால்வு என்னன்னும் கேட்டுக்கோங்க, ஸ்டீரியோ 70-ல இருக்கற 7199 இப்ப சுலபமா கிடைக்கறதில்ல, பல பேர் அந்த போர்டையே மாத்திட்டாங்க, அப்படி மாத்தினதைக் குறைன்னு நான் நினைக்க மாட்டேன்.

வால்வு மேல அச்சடிச்ச பேரை நம்பி காசு கொடுக்காதீங்க, அந்த எழுத்தை யார் வேணா புதுசா அச்சடிக்கலாம். டெலிஃபங்கன் சின்ன வால்வா இருந்தா அடிக்கண்ணாடியிலயே ஒரு வைரக்குறி பதிஞ்சிருக்கும், அதைப் பாருங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கற பூச்சு பால் வெள்ளையா மாறியிருந்தா உள்ள காத்து புகுந்துடுச்சு, அந்த வால்வு முடிஞ்சுது.

சரி, வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. இப்ப தான் ஆபத்தே. ரொம்ப வருஷமா கரன்ட்டே பாக்காத எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு உள்ள இருக்கற மெல்லிய ஆக்சைடு படலம் பலவீனமாகி இருக்கும், திடீர்னு முழு வோல்ட்டேஜ் ஏறினா லீக் ஆகி சூடாகும், வெடிக்கவும் செய்யும், போகும்போது ரெக்டிஃபயர் வால்வையும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேத்து இழுத்துட்டுப் போகும். இன்னொண்ணு கப்ளிங் கண்டென்சர், டிரைவர் வால்வுக்கும் பவர் வால்வுக்கும் நடுவுல இருக்கும், அது கொஞ்சம் லீக் ஆனா கூட போதும், பவர் வால்வுல கரன்ட்டைக் கட்டுப்படுத்தற கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்ட்டேஜ் போய், கரன்ட் எகிறி உள்ள இருக்கற பிளேட் செவசெவன்னு பழுத்துடும். அந்த செவப்பை அழகுன்னு ரசிக்காதீங்க, உடனே ஆஃப் பண்ணுங்க. ஃபிலமென்ட் ஆரஞ்சா எரியறது வேற, பிளேட் செவக்கறது வேற, புதுசா வாங்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சே ஆகணும். அதனால முதல் தடவை போடறதுக்கு முன்னாடியே இந்த கண்டென்சர்களை எல்லாம் மாத்திடறது தான் என் கட்சி, ஒரிஜினல் ஒரிஜினல்னு பழைய கண்டென்சரைக் கட்டிக்கிட்டு அழுது ட்ரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுக்கறதுல எந்த நியாயமும் இல்ல.

எந்த வோல்ட்டேஜுக்கு செஞ்ச செட்டுன்னு பின்னாடி எழுதியிருக்கறதையும் படிங்க, 117 வோல்ட் செட்டை 230-ல போட்டா அதோட கதை முடிஞ்சுது. அந்தக் காலத்து செட்டுங்கள்ல பலதுல ரெண்டு பின் பிளக் தான், எர்த் கிடையாது, விஷயம் தெரிஞ்சவர்கிட்ட கொடுத்து மூணு பின் வயரும் சரியான பியூஸும் போட்டுக்கோங்க. உள்ள 400 வோல்ட்டுக்கு மேல டிசி ஓடுது, சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கினதுக்கு அப்புறமும் கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும், ஆளைக் கொல்ற அளவுக்கு நிக்கும். ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல பூஜ்யம்னு பாத்துட்டு தான் கை வைக்கணும், இதுல அனுபவம் இல்லாதவங்க அடி மூடியைத் திறக்கவே வேண்டாம், வாங்கும்போது உள்ள பாக்கறதுக்கும் விஷயம் தெரிஞ்சவரைக் கூட்டிட்டுப் போங்க.

ஸ்பீக்கர் மாட்டாம வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டக்கூடாது, இதை சாதாரண ட்ரான்சிஸ்டர் செட் வெச்சிருந்தவங்க மறந்துடறாங்க. லோடு இல்லாம சத்தம் போனா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷன் போயிடும். பின்னாடி 4, 8, 16 ஓம்னு இருக்கற இடத்துல உங்க ஸ்பீக்கருக்கு ஏத்ததுல மாட்டுங்க.

பயாஸ், அதாவது பாட்டு ஓடாதப்பவும் பவர் வால்வுல ஓடற கரன்ட்டோட அளவு, அதை செட் பண்றதை மட்டும் கத்துக்கோங்க, அது ஒரு தனி சந்தோஷம். ஸ்டீரியோ 70-ல அதுக்குன்னே முன்னாடி மீட்டர் வைக்க இடம் விட்டிருக்காங்க, 15.6 ஓம் ரெசிஸ்டர்ல 1.56 வோல்ட் வந்தா ரெண்டு வால்வுக்கும் சேத்து 100 மில்லி ஆம்பியர், அதாவது ஆளுக்கு 50. அது வால்வை நல்லா வேலை வாங்கற அளவு தான், மெயின் வோல்ட்டேஜ் கூடுதலா வர்ற வீடுகள்ல இன்னும் அதிகமாகும், அதனால நான் ஆளுக்கு 40-ன்னு குறைச்சு தான் வெச்சிருக்கேன், காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, வால்வு கூடுதல் நாள் உழைக்கும்.

இனிமே கேக்கற விஷயம். வால்வுன்னாலே ரெண்டாவது ஹார்மோனிக், அதாவது மூல சத்தத்தோட ரெண்டு மடங்கு அதிர்வெண்ல சேர்ற கூடுதல் சத்தம், அதனால தான் இனிமைன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா இந்த செட்டுங்க பெரும்பாலும் ரெண்டு பவர் வால்வு ஜோடியா எதிரெதிரா வேலை செய்யற புஷ்-புல் சர்க்யூட், அதுல பவர் வால்வு ஜோடி கிளப்பற ரெண்டாவது ஹார்மோனிக் ஒண்ணுக்கொண்ணு எதிரா வந்து பெரும்பாலும் கழிஞ்சு போயிடும். அளந்து பாத்தா நல்ல ட்ரான்சிஸ்டர் செட் தான் ஜெயிக்கும், அதை ஒத்துக்கறதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா பாட்டுல திடீர்னு சத்தம் ஏறும்போது வால்வு செட் வெடுக்குன்னு வெட்டாம மெதுவா வளைஞ்சு கொடுக்கும், ஸ்பீக்கரைப் பிடிக்கற பிடியும் கொஞ்சம் தளர்வா இருக்கும், அதனால ஸ்பீக்கரோட குணத்துக்கு ஏத்த மாதிரி சத்தமும் லேசா மாறும். இந்த ரெண்டும் சேந்து தான் நாம கேக்கற அந்த சத்தம்னு நான் நம்பறேன். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கற பவருக்கு ஸ்பீக்கர் எவ்ளோ சத்தம் தருதுங்கற அளவு, 90 டெசிபலுக்கு மேல இருக்கற ஸ்பீக்கரா மாட்டினா 35 வாட்டுங்கறது ஒரு ஹாலுக்கு தாராளம், லீக் ஸ்டீரியோ 20 மாதிரி சேனலுக்கு பத்து வாட் சொச்சம் தர்ற செட்டே போதும். பாடறவங்க மூச்சு இழுக்கறது, வயலின் வில்லு கம்பியில மாறுற இடம், புல்லாங்குழல்ல காத்து முதல்ல தொடற அந்த சின்ன சத்தம், இதெல்லாம் குறைஞ்ச வால்யூம்லயே முழுசா வந்து நிக்கும். முக்கியமா அசதி வராது, ஒரு ரிக்கார்டு முடிஞ்சா இன்னொண்ணு போடத் தோணும், இதை விட பெரிய பாராட்டு ஒரு ஆம்ப்ளிஃபயருக்குக் கிடையாது.

இதை வாங்கி கண்ணாடிக்குள்ள வைக்கறவங்க மேல எனக்கு கோபமே வருது. கண்டென்சர் சும்மா கிடந்தா தான் கெடும், அப்பப்ப கரன்ட் ஏறினா நல்லா இருக்கும். சின்ன வால்வுங்க பத்தாயிரம் மணி நேரம் வரைக்கும் கூட ஓடும், பவர் வால்வு சில ஆயிரம் மணி நேரம், தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கேட்டாலும் பல வருஷம் வரும். காத்து போறதுக்கு மேலயும் சுத்தியும் இடம் விடுங்க, பக்கத்துல திரைச்சீலை வேண்டாம், குழந்தைங்க இருந்தா மேல கூண்டு மாட்டுங்க, அவ்ளோ தான்.

கடைசியா, உங்க பேப்பர் வழியா ஒரு வேண்டுகோள். வீட்ல அப்பா, தாத்தா வாங்கின வால்வு செட் சத்தம் வராம கிடந்தா பழைய இரும்புக்குப் போடாதீங்க, வால்வு தனியா ட்ரான்ஸ்ஃபார்மர் தனியான்னு பிரிச்சு விக்கவும் விக்காதீங்க. பிரிச்சு வித்தா காசு கூட வரும்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அதுல ஒரு நல்ல செட் மொத்தமா இல்லாம போகுது. சரி பண்ணி ஓட்டுவேன்னு சொல்ற ஒருத்தர்கிட்ட முழு செட்டா கொடுங்க, அதோட வந்த சர்க்யூட் பேப்பர் பீரோவுல எங்கயாவது மடிச்சு இருந்தா அதையும் தேடி எடுத்து சேத்துக் கொடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்