எங்கள் அம்மாவைச் சுமந்து வந்தவர்களுக்கு

நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் ஓடைக்கரையில் இருக்கும் பணியர் பழங்குடிக் காலனி மக்களுக்கும், அன்று இரவு ஜீப் ஓட்டிய அண்ணனுக்கும், மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அம்மா நலமாக இருக்கிறார். மெதுவாக நடக்கிறார், இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறார், எங்களை அதட்டவும் தொடங்கிவிட்டார். இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் இந்த நன்றியை ஊரறியச் சொல்லாமல் இருக்க முடியாது.

நடந்தது பந்தலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. ஆடி மழையில் எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்து, மரமும் குறுக்கே விழுந்துவிட்டது. அந்த இரவில்தான் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். அப்பா காலனிக்கு ஆள் அனுப்பினார். சிறிது நேரத்தில் மூங்கில் கழியும் கம்பளியுமாக நீங்கள் வந்து நின்றீர்கள். கம்பளியைத் தூளியாகக் கட்டி அம்மாவை அதில் கிடத்தி, ரோட்டை விட்டு விலகி, கொல்லி என்னும் பள்ளத்தின் வழியாக இறங்கி, ஓடையைக் கடந்து, சரிவுக்கு அந்தப் பக்கம் ஏறினீர்கள். ஒரு தம்பி முன்னால் டார்ச் அடித்துத் தகரத்தைத் தட்டிக்கொண்டே போனான். அந்தத் தடத்தில் யானை நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஓர் அக்கா மழைக்காகத் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து அம்மாவின் மேல் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே வந்தார்.

ஜீப் அண்ணன் டீசலுக்குக்கூடப் பணம் வாங்க மறுத்துவிட்டார். செவிலியர் சகோதரி பணி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், அம்மாவுக்கு உலர்ந்த சேலை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போனார். உங்கள் இருவருக்கும் நாங்கள் என்றும் நன்றி உடையவர்கள்.

காலனிக்கு எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது.

அம்மா தேறியதும் உங்களைப் பார்க்க வந்தோம். கொண்டுவந்த அரிசியையும் சேலைகளையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, எங்களுக்குக் கட்டன் சாயாவும் அவித்த கிழங்கும் கொடுத்தீர்கள். அப்போது அம்மா, "அவ்வளவு தூரம் வந்தும் ஒரு குலுக்கல்கூட இல்லை, எப்படித்தான் தூக்கினீர்களோ" என்று வியந்தார். படங்கு போர்த்திய அக்கா சொன்ன பதில்: "பழக்கம்தான் அம்மா. எங்கள் பெண்களைப் பிரசவத்துக்கு இப்படித்தானே தூக்கிப் போகிறோம்."

இதைக் கேட்ட நாளிலிருந்து நன்றி என்று மட்டும் எழுதி இந்த மடலை முடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எங்களுக்கு ஒரே ஓர் இரவு ரோடு இல்லை. உங்களுக்கு எந்த இரவிலும் இல்லை. எங்கள் அம்மாவைக் காப்பாற்றிய அந்தக் கைப்பழக்கம், உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் வந்தது. அதைப் புகழ்ந்துவிட்டு எழுந்து வருவது நியாயமாகாது.

ரோடு போட முடியாது, அது காட்டு நிலம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டு வளர்ந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே வழி இருக்கிறது. சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர், மின்கம்பி போன்ற வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்கலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அதே சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினர் அனுபவித்துவரும் நிலத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா வரும். கோரிக்கையை விசாரித்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் வந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே வழி திறந்தது. அத்தனை ஆண்டுகளும் காலனியில் பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் இறந்தார்கள், மூங்கில் கழி மட்டும் அப்படியே இருந்தது.

இதில் எங்களுக்கு என்ன பொறுப்பு என்று லயத்தில் சிலர் கேட்கிறார்கள். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நாங்கள் கண்டிச் சீமையிலிருந்து, அதாவது இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. போக விருப்பமா என்று என் பாட்டியை யாரும் மனதாரக் கேட்டதில்லை. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று இந்த மலைக்கு அனுப்பப்பட்டார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. எங்களுக்கும் சொந்த நிலம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து அறைக்கும் உறுதி கிடையாது. இந்த வலி பொய்யல்ல, சிறியதும் அல்ல.

ஆனால் அந்தத் தேயிலை எந்த மண்ணில் நடப்பட்டது? அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் வந்தபோது அந்தச் சரிவில் காடு இருந்தது. காட்டை வெட்டியவர்களில் அவரும் ஒருவர், உங்கள் காலனித் தலைவரான மூப்பரும் ஒருவர், இருவருக்கும் அன்றாடக் கூலி. மூப்பருடைய அம்மா கிழங்கு தோண்டிய இடத்தில் இன்று கொழுந்து பறிக்கிறார்கள். எங்கள் குடும்பம் முதல் மழைக்காலத்தில் ரேஷன் வராமல் பட்டினி கிடந்தபோது, எந்தக் கீரை தின்னலாம், எந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கலாம், யானை எந்தத் தடத்தில் வரும் என்று காட்டிக் கொடுத்ததும் அதே தாய்தான். தன் காடு கண்முன்னே போய்க்கொண்டிருந்தபோது, அதில் வந்து குடியேறியவர்களுக்கு அவர் சோறு தேடிக் கொடுத்தார். நான் இதுவரை கேட்ட மனித நன்மைகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

அவருக்கு முந்தைய தலைமுறைகளின் கதை இன்னும் கொடியது. வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் பணியரை ஓராண்டு வேலைக்கு நிலக்காரர்கள் விலைபேசிப் பிடித்துப்போன காலம் ஒன்று இருந்தது. கூடலூர், பந்தலூர் நிலமெல்லாம் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து என்று எழுதிவைத்தார்கள்; கோவிலகம் அதைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது; ஜன்மத்தை ஒழிக்க 1969இல் சட்டம் வந்த பிறகும் வழக்குகள் ஓயவில்லை. கோவிலகம், கம்பெனி, வனத்துறை, எஸ்டேட், குடியேறியவர்கள் என்று எல்லாருக்கும் காட்ட ஏதோ ஒரு காகிதம் இருந்தது. முதலில் இருந்தவர்களிடம்தான் இல்லை.

எங்களுக்கு அநியாயம் நடந்தது என்பதால் உங்களுக்கு நடந்ததில் எங்களுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. அப்பா யாருக்கும் கெடுதல் நினைத்தவர் அல்ல. அவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. ஆனாலும் அந்த மண்ணில் விளைந்த கூலியில்தான் நான் படித்தேன், கோயம்புத்தூரில் வேலைக்குப் போனேன். உங்கள் காலனியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் இப்போதுதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு சேலையும் ஒரு மூட்டை அரிசியும் அன்று இரவு நீங்கள் பட்ட பாட்டுக்கு அன்பின் அடையாளமாக இருக்கலாம். இந்த இடைவெளிக்கு அவை எந்த வகையிலும் ஈடாகாது. அன்று செய்ததை நீங்கள் மறந்துவிட்டீர்கள், அது உங்கள் குணம். மற்றதையும் நீங்களே மறந்துவிடுவீர்கள் என்று நாங்கள் காத்திருக்கக் கூடாது.

எனவே நாங்கள் செய்யத் தொடங்கியிருப்பதைச் சொல்கிறேன். வன உரிமைக் கோரிக்கைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும். பழைய கிணறு, இடுகாடு, கோயில் ஆகியவை சான்றாகும். கோரிக்கை வைப்பவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் சான்றாகும் என்று விதிகளிலேயே இருக்கிறது. அப்பா தன் வாக்குமூலத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தான் வந்தபோது காலனியில் எத்தனை குடிசைகள் இருந்தன, எந்தப் பலா மரத்தடியில் அடக்கம் செய்தார்கள், ஓடைக்கு எந்த வழியாக இறங்கினார்கள், எந்த வயலில் அவர்கள் நெல் விதைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சில பெயர்களுக்காக இரவெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் எனக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். மூப்பரிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே கையெழுத்துப் போடுவார். உங்கள் வன உரிமைக் குழு எப்போது கேட்டாலும் நேரில் வந்து சொல்லவும் தயாராக இருக்கிறார்.

ரோட்டுக்கான தீர்மானத்தை எப்போது, எப்படிக் கொண்டுவருவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்களால் ஆகும் எழுத்து வேலையைச் சொல்லுங்கள், செய்கிறோம். கிராம சபையில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார லயத்திலிருந்து எட்டுக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் தோட்டங்களில் எழுபதுகளில் வந்து சேர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இதைப் படித்தால், உங்கள் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து, நீங்கள் வந்தபோது இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதி, இடம், சாட்சி எல்லாம் சேர்த்து எழுதுங்கள். அந்த நினைவோடு இருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

படங்கு போர்த்திய அக்காவுக்கு ஒரு செய்தி: அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார். எழுதி முடித்த பக்கங்களை அப்பா கொண்டுவருவார். மூப்பரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
கண்டிக்காரர் வீட்டு மூத்த மகள்