மெய்நிகர் சர்வரில் காத்திருக்கும் அப்டேட்டுகள்: மாத அறிக்கையில் ஒரு புதிய பக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் பராமரிப்பு அறிக்கையில் ஒரு பக்கம் கூடியிருக்கும். உங்கள் டேலியும் கோப்புகளும் ஓடும் மெய்நிகர் கணினிகளை (ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகளை) ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளால் தாங்குகிற சர்வரில், எந்தெந்த மென்பொருள் தொகுப்புகளுக்கு அப்டேட் வந்து காத்திருக்கிறது என்று சொல்லும் பக்கம் அது. "எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது, இது எதற்கு?" என்று சௌகார்பேட்டையிலிருந்தும் பாரிமுனையிலிருந்தும் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இந்த சர்வர் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நாளுக்கு ஒருமுறை பட்டியலை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும். கட்டணச் சந்தா உள்ள சர்வரென்றால், புதிதாக ஏதேனும் வந்திருக்கும்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்குச் சொல்லும். அந்த முகவரி எப்போதோ வேலையை விட்டுப் போனவருடையது என்றால், சேதி யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும். நிறுவுவது மனிதர் வேலை. அதுவே நல்லதும்கூட. கடையில் கூட்டம் நிற்கும்போது சர்வர் தன் இஷ்டத்துக்கு ரீபூட் ஆனால் யார் பொறுப்பார்கள்?

பட்டியலை நீங்களே பார்க்கலாம். உலாவியில் சர்வரின் பக்கத்தைத் திறந்து, இடப்பக்கம் சர்வரின் பெயரைச் சொடுக்கி, 'அப்டேட்ஸ்' பகுதியில் 'ரெஃப்ரெஷ்' அழுத்துங்கள். தொகுப்பின் பெயர், இப்போதுள்ள பதிப்பு, வந்திருக்கும் பதிப்பு எல்லாம் வரிசையாக வரும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அருகிலுள்ள 'அப்கிரேடு' பொத்தானை எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

பட்டியல் காலியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்களுக்காகவே இந்தப் பக்கத்தைச் சேர்த்தோம். பட்டியல் காலியாகவோ குறையாகவோ இருக்கப் பல காரணங்கள் உண்டு. புதிதாக நிறுவிய ப்ராக்ஸ்மாக்ஸ், கட்டணச் சந்தாவுக்கான களஞ்சியத்தைத்தான் (தொகுப்புகளை வழங்கும் இணைய இருப்பிடத்தை) நாடும். சந்தா இல்லையென்றால் 401 என்ற பிழையோடு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடித்தளமான டெபியன் லினக்ஸின் தொகுப்புகள் வழக்கம்போல் வரும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), க்யூஎமு (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போன்ற ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்தத் தொகுப்புகள் மட்டும் வராது. பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது. சந்தா வாங்கலாம், ஆண்டுக்கு ஒரு பிராசசர் சாக்கெட்டுக்கு இவ்வளவு யூரோ என்று கணக்கு. அல்லது சந்தா தேவைப்படாத களஞ்சியத்துக்கு மாறலாம். கணக்கு வழக்கு ஓடும் சர்வருக்குச் சந்தா எடுங்கள் என்பதே எங்கள் கருத்து. சந்தா இல்லாத களஞ்சியத்தை உற்பத்திப் பயன்பாட்டுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

காலாவதியான பதிப்பிலும் ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்தத் தொகுப்புகள் பட்டியலில் வராது. ப்ராக்ஸ்மாக்ஸின் 7ஆம் பதிப்புக்கு ஆதரவு 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. அதில் இன்னும் ஓடுகிறவர்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் அப்டேட் வராததற்குக் காரணம், அனுப்ப யாரும் இல்லை என்பதே. டெபியன் 12 மீது கட்டிய 8ஆம் பதிப்புக்கு 2026 ஆகஸ்ட் வரை காலம். டெபியன் 13 மீதான 9ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று: நிறுவியாகிவிட்டது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. அறிக்கையில் "ஓடும் கெர்னல் 6.8.12-4, நிறுவப்பட்டது 6.8.12-9" என்று இருந்தால், புதிய கெர்னல் வட்டில் தூங்குகிறது, பழையதுதான் வேலை செய்கிறது என்று பொருள். ரீபூட் செய்தால்தான் மாறும். நாம் செய்யாவிட்டால் மின்வாரியம் செய்துவைக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை, யுபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்து, மின்சாரம் திரும்பியதும் அது புதிய கெர்னலில் எழும். கெர்னல் மாறும்போது வலையமைப்பு அட்டையின் பெயர் மாறிவிடுவது உண்டு. அப்படி மாறினால் சர்வர் ஓடும், ஆனால் யாராலும் அதை அடைய முடியாது. எங்கள் ஆள் அருகில் இருக்கும்போது அது நடப்பதே மேல்.

மெய்நிகர் கணினிகளுக்கும் இதே கதை. க்யூஎமுவை அப்டேட் செய்தாலும், ஏற்கெனவே ஓடுகிற கணினி பழைய க்யூஎமுவிலேயே தொடரும். உள்ளே இருக்கும் விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்தாலும் போதாது; முழுவதும் அணைத்து, மறுபடி இயக்க வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன என்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜூலை 1 அன்று சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியிலிருந்து ரூட் அதிகாரத்தை (சர்வரின் முழுக் கட்டுப்பாட்டை) பிடிக்க வழி தரக்கூடியது. டெபியன் 12 பயனர்களுக்குத் திருத்தம் அன்றே வந்துவிட்டது. பட்டியலைப் பார்த்தவர்கள் அன்றே அடைத்தார்கள்.

எங்கள் நடைமுறை இதுதான்: முதலில் பேக்கப், பிறகு எல்லாத் தொகுப்புகளையும் முழுமையாக அப்டேட் செய்யும் 'டிஸ்ட்-அப்கிரேடு' கட்டளை, பிறகு ரீபூட். வெறும் 'அப்கிரேடு' கட்டளையை ப்ராக்ஸ்மாக்ஸில் நாங்கள் தொடுவதில்லை. அது சில தொகுப்புகளைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைத்துவிடும். ஜிஎஸ்டி தாக்கல் நாட்களான 11, 20 தேதிகளையும் அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களையும் தவிர்த்துவிடுவோம். பெரும்பாலும் ஞாயிறு காலை. சர்வர் ஒரு மணி நேரம் வரை நிற்கலாம்.

உங்களுக்கு ஏற்ற ஞாயிற்றுக்கிழமை எது, அன்று அலுவலகச் சாவி யாரிடம் இருக்கும் என்ற இரண்டையும் இந்த மடலுக்குப் பதிலாக எழுதி அனுப்புங்கள். அப்டேட் சேதி போக வேண்டிய மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து எழுதினால் அன்றே மாற்றிவிடுகிறோம்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புப் பிரிவு
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை