இரண்டு குளிர்காலத்துக்கு விறகு

கோங்ஸ்பெர்க், நார்வே
05.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் விறகு அடுக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னதும், "இதற்காகவா உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன்?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள்; ஆனால், "அந்த ஊரில் கரண்ட் இல்லையா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டதில் சிரிப்பு இல்லை. தொலைபேசியில் பேசினால் எல்லாம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

கரண்ட் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரிலிருந்து எடுக்கும் மின்சாரம்தான் இந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக வைத்திருக்கிறது. ஆனால், 2021ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நாட்டின் தென்பகுதியில் மின்கட்டணம் பல மடங்கு ஏறியதிலிருந்து, மூலையில் சும்மா கிடந்த இரும்பு அடுப்புகளுக்கு மீண்டும் மதிப்பு வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பனியின் எடையில் மரம் முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தால், எத்தனை மணி நேரத்தில் கரண்ட் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒவ்வொரு வீடும் ஒரு வாரம் தன் கையிருப்பைக் கொண்டே சமாளிக்கும்படி தயாராக இருக்க வேண்டும் என்று அரசே அறிவுறுத்துகிறது. டிசம்பரில் ஒன்பது மணிக்கு மேல் எழும் சூரியன் பிற்பகல் மூன்றரைக்குள் மறைந்துவிடும். வெளியே சில இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும். தேன்கனிக்கோட்டையில் மார்கழி அதிகாலையில் நாம் போர்வைக்குள் முடங்கிக் கிடப்போமே, அதை இவர்களிடம் குளிர் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல் குளிர்காலத்தில் உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த நவம்பரில், விளம்பரம் பார்த்து ஒருவரிடம் நாற்பது லிட்டர் மூட்டைகளாக விறகு வாங்கினேன். இங்கே விறகை எடை போட்டு விற்பதில்லை, லிட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள். நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார். அடுப்பில் வைத்ததும் கட்டைகளின் முனையில் நுரை பொங்கியது. சீறல் சத்தம் கேட்டதே தவிர வீடு சூடாகவில்லை. அடுப்புக் கதவின் கண்ணாடி ஒரே இரவில் கருத்துப்போனது. ஐப்பசி மழையில் ஈர விறகோடு அம்மா ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண்ணீரும் இருமலுமாக மல்லாடியது நினைவுக்கு வந்தது. மறுநாள் பெரியவர் வந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். காய்ந்த கட்டை என்றால் 'டங்' என்று மணி போலக் கேட்க வேண்டும். இவை ஈர மண்ணைத் தட்டியது போல மந்தமாக ஒலித்தன. பிறகு ஒரு கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் இரண்டு ஊசி கொண்ட சிறு கருவியைக் குத்திக் காட்டினார். ஈரப்பதம் 31 சதவீதம். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அது விறகு, அதற்கு மேல் வெறும் மரம் என்றார்.

ஈர விறகு சூடு தராததோடு போவதில்லை. தீயின் வலு தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே செலவாகிவிடும். எரியாமல் போன புகை, குளிர்ந்த புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போலப் படியும். அந்தப் படிவு ஒரு நாள் தானே தீப்பற்றினால் புகைபோக்கி முழுவதும் உலைபோல் எரியும். நம் சமையலறையில் புகைக்கரி கூரை ஓட்டில் படிந்து ஒட்டடையோடு தொங்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது துடைத்துவிடுவோம். இங்கே அதைத் துடைப்பதற்கென்றே நகராட்சியிலிருந்து ஆள் வருகிறார். கூரைமேல் ஏறி, கனமான குண்டு கட்டிய தூரிகையைப் புகைபோக்கிக்குள் இறக்கிச் சுரண்டிவிட்டு, விறகு எங்கே வைத்திருக்கிறாய் என்று அதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆகவே இந்த முறை பெரியவரின் காட்டிலேயே, அவர் அனுமதியோடு, நானே வெட்டினேன். மரத்தில் சாறு ஏறுவதற்கு முன், பிப்ரவரி கடைசியில் வெட்ட வேண்டும். தரையில் பனி உறைந்திருப்பதால் அடிமரத்தை இழுத்துவருவதும் எளிது. இயந்திர ரம்பத்தை முதலில் என் கையில் அவர் கொடுக்கவே இல்லை. அதற்கென்று ஒரு கால்சட்டை உண்டு. ரம்பம் தவறித் தொடையில் பட்டால், துணிக்குள் இருக்கும் நார்கள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். அந்தக் கால்சட்டையை வாங்கி மாட்டிய பிறகுதான் ரம்பத்தைக் கொடுத்தார்.

மரம் பெரும்பாலும் பிர்ச். வெள்ளைப் பட்டை, காகிதம் போல உரியும். வடநாட்டில் ஏடு எழுதிய பூர்ஜ பத்திரம் இதன் இமயமலைச் சொந்தக்கார மரத்தின் பட்டைதான். அந்தப் பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரத்திலும் பற்றிக்கொள்ளும். எனக்கு மண்ணெண்ணெயே தேவைப்படவில்லை. ஆனால் தண்ணீரை உள்ளே விடாத அதே பட்டை உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேயும் விடாது. உருட்டுக்கட்டையாகவே போட்டுவைத்தால் ஒரே கோடையில் உள்ளுக்குள் மக்கிப்போகும். அதனால் முப்பது சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்த கையோடு பிளந்துவிட வேண்டும்.

பிளப்பதில்தான் நீங்கள் கற்றுக்கொடுத்தது உதவியது, உதவாமலும் போனது. வீட்டுக்குப் பின்னால் விழுந்த புளியமரத்தை நீங்களும் மாமாவும் இரும்பு ஆப்பு அடித்து மூன்று நாள் பிளந்தது எனக்கு நினைவிருக்கிறது. முறுக்கு முறுக்காக ஓடிய அந்த நார், கோடாலியைக் கவ்விக்கொண்டு விடவே மறுத்தது. அந்த நினைப்போடு முதல் பிர்ச் கட்டையை முழு பலத்தோடு அடித்தேன். அன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. கட்டைக்குள் இருந்த ஈரம் பனிக்கட்டியாக உறைந்திருந்ததால், கோடாலி தொட்டதுமே கண்ணாடி உடைவது போல ஒரு சத்தம். இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் பறந்து, ஒன்று என் முழங்காலில் வந்து மோதியது. உள்முகம் பாலாடை நிறத்தில் இருந்தது. உறைந்த ஈரம் உப்பு தூவியது போல அதில் மினுங்கியது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பழைய கார் டயர் ஒன்றைக் கொண்டுவந்து அடிக்கட்டையின் மேல் வைத்தார். டயருக்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாமல் அங்கேயே நிற்கின்றன. கணு உள்ள கட்டைகளை மட்டும் ஒதுக்கி வைத்தேன். அவற்றுக்கு நம் ஆப்புதான் சரி.

அடுத்தது அடுக்குவது. நம் ராகித் தாள் போர் போடத் தெரிந்தவனுக்கு இது பாதி தெரிந்த வேலை. நீங்கள் அடியில் கல் பரப்பி, அதன்மேல் துவரை மாறு போட்டு, பிறகுதான் தாளை வைப்பீர்கள். இங்கே இரண்டு நீளக் கழிகளைத் தரையில் இணையாகக் கிடத்தி அவற்றின்மேல் அடுக்குகிறார்கள். இரண்டு முனைகளிலும் இரண்டு கட்டை நெடுக்கே, இரண்டு கட்டை குறுக்கே என்று செங்கல் சூளையில் கல் வைப்பது போலத் தூண் எழுப்பி, நடுவில் நிரப்ப வேண்டும். சுவரை ஒட்டக் கூடாது, காற்று போக வழி வேண்டும். மேலே மட்டும் தகரம்; தார்ப்பாயைப் பக்கவாட்டிலும் இழுத்து மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

என் முதல் அடுக்கு மே மாதத்தில் ஒரு நள்ளிரவு சரிந்து விழுந்தது. கரடி வந்துவிட்டதோ என்று பயந்து எழுந்தேன். காரணம் பிறகு புரிந்தது. வெயில் படும் பக்கத்து முனைகள் முதலில் காய்ந்து சுருங்குகின்றன. அடுக்கு மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. கட்டும்போதே வெயிலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு விரல்கடை சாய்த்துக் கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது முறை அப்படித்தான் கட்டினேன், இன்றுவரை நிற்கிறது.

பட்டை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்பது இந்த நாட்டில் தீராத வழக்கு. 2013 பிப்ரவரியில் இவர்களின் பொதுத் தொலைக்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை இரவு 12 மணி நேரம் விறகைப் பற்றி மட்டுமே ஒளிபரப்பியது; அதில் எட்டு மணி நேரம் ஓர் அடுப்பில் தீ எரிவதை மட்டும் காட்டினார்கள். வந்த புகார்களில் பாதி பட்டையை மேல்பக்கமாக வைத்ததற்கு, மீதிப் பாதி கீழ்ப்பக்கமாக வைத்ததற்கு! நம் ஊரில் களியில் உருண்டை எப்படிப் பிடிப்பது என்று அத்தைகள் போட்ட சண்டை எனக்கு நினைவுக்கு வந்தது. பெரியவர் கீழ்க்கட்சி. நான் மேல்வரிசைக்கு மட்டும் பட்டையை மேலே வைத்தேன், ஓடு வேய்ந்தது போல மழை வழுக்கி ஓடட்டும் என்று. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலும் மே மாதமும்தான் இங்கு காற்று மிக வறண்டிருக்கும் காலம். விறகின் ஈரத்தில் பெரும்பகுதி அப்போதே போய்விடுகிறது. வெட்டியபோது நூற்றுக்கு நாற்பது பங்கு தண்ணீராக இருந்த ஆயிரம் கிலோ விறகு, இருபது பங்குக்கு வரும்போது 750 கிலோவாகிவிடும். மீதி 250 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்துக்குப் பதினைந்து குடமாவது இருக்கும், சத்தமே இல்லாமல் காற்றோடு போயிருக்கிறது. அப்படிக் காய்ந்த ஒரு கிலோவில் ஏறக்குறைய நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கிறது; நல்ல அடுப்பு அதில் மூன்று யூனிட்டை வீட்டுக்குள் தரும். மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று. இந்த ஊரே வெள்ளிச் சுரங்கத்துக்காக 1624இல் உண்டாக்கப்பட்டது. வெடிமருந்து புழக்கத்துக்கு வருமுன்பும், வந்த பிறகு நெடுங்காலமும், சுரங்கத்துக்குள் பாறையை ஒட்டி விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் பாறை விரிந்து பொரிந்ததும் பெயர்த்தெடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும், நம் பக்கத்துக் குன்றுகளில் கல் வேலைக்காரர்கள் பாறை மேல் விறகை எரித்து, தீயை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போய்ப் பலகைக் கல் பெயர்த்ததைத் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. பெரியவரிடம் சொன்னேன். விறகு என்ன மரம் என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அடுப்பு மூட்டுவது மட்டும் நமக்கு நேர்எதிர். பெரிய கட்டை அடியில், சிறியவை அதன்மேல், சிராய்கள் உச்சியில். நெருப்பை உச்சியில் வைக்க வேண்டும். கீழ்க்கட்டையின் புகை மேலே எரியும் தீயைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்பதால் அதுவும் எரிந்துவிடுகிறது. அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் அள்ளுகிறேன். அணைந்துவிட்டது என்று நினைத்த கங்கு உள்ளே நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். நான் அனுப்பிய படத்தில் இரண்டு அடுக்குகள் இருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இங்கே விறகுக்கு 'ஃபவ்ன்' என்று ஓர் அளவு உண்டு. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம், அறுபது சென்டிமீட்டர் ஆழம். இடப்பக்கம் இருப்பது இரண்டு ஃபவ்ன், காய்ந்துவிட்டது, இந்தக் குளிர்காலத்துக்கு. வலப்பக்கம் இருப்பது தாமதமாக, ஜூனில் பிளந்தது. ஊசிக் கருவி இன்னும் 26 காட்டுகிறது. அது அடுத்த ஆண்டுக் குளிருக்கு. தை முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். வேலையை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனில் இதைச் சொல்ல மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். ஒவ்வொரு முறையும் பேச்சு விறகிலேயே போய் நின்றது. பொங்கலுக்கு நான்கு வாரம் விடுப்பில் கட்டாயம் வருகிறேன். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். ராகி அறுப்பு முடிந்த பிறகு சொன்னால் போதும்.

பரணில் கிடக்கும் அந்த இரும்பு ஆப்பைத் துரு போகத் தேய்த்து எடுத்து வையுங்கள். திரும்பும்போது பெட்டியில் கொண்டுவருகிறேன். கணுக்கட்டைகள் பதினோரு எண்ணம் இன்னும் பிளக்காமல் கிடக்கின்றன.

தங்கள் அன்பு மகன்