ஒட்டுக்குக் கீழே ஒரு பழமரம்: தோட்டக்கலைத் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும், அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்கும் உழவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை, ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும் என்பது. அப்படிக் கிள்ளப்படும் துளிர் பாலா மரத்தினுடையது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட சப்போட்டா நம் மண்ணில் நிலைத்து நிற்பதற்காக, அதன் நெருங்கிய உறவான, வறட்சியைத் தாங்கும் பாலாவின் நாற்றை வேர்ச்செடியாக, அதாவது வேரும் அடித்தண்டும் தரும் செடியாக வைத்து, அதன்மேல் சப்போட்டாக் கிளையை ஒட்டுக் கட்டுகிறோம். முறையில் குறை காண நான் வரவில்லை. ஆனால், தானே இனிய பழம் தரும் ஒரு மரத்தை, வேறொரு பழத்துக்கு வேர் கொடுப்பதற்காக மட்டும் வளர்ப்பது ஏன் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பாலாப்பழத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில சொற்கள். வேப்பம்பழத்தை ஒத்த உருவமும் மஞ்சள் நிறமும் கொண்ட இப்பழத்துக்குள் பெரும்பாலும் வழவழப்பான ஒரே ஒரு கொட்டை இருக்கும். சதை கொஞ்சம்தான், இனிப்போ கூடுதல். முழுதும் கனியாத பழத்தைக் கடித்தால் பால் உதட்டில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் விடும். கனிந்த பழத்திலும் அந்தப் பிசுபிசுப்பு ஓரளவு இருக்கவே செய்யும், அதைப் பொருட்படுத்தாதவர்களே இப்பழத்தின் ரசிகர்கள். கோடியக்கரைக் காட்டில் மேலோங்கி நிற்கும் மரங்களுள் பாலாவும் ஒன்று என்பதால், கோடையில் வேதாரண்யம் பக்கம் இப்பழம் விற்பனைக்கு வருவதுண்டு. இலங்கையின் வன்னியிலிருந்து பாலைப்பழம் என்ற பெயரில் யாழ்ப்பாணத்துக்குப் போவதும் இதுதான். குஜராத்தில் ராயண் என்று அழைத்து, உலர்த்தியும் உண்கிறார்கள். அங்குள்ள வேஜல்பூர் மத்திய தோட்டக்கலை ஆய்வு நிலையம் 'தார் ரிதுராஜ்' என்ற தேர்வு இரகத்தையே உருவாக்கியிருக்கிறது.

நம்மிடம் நாற்று வளர்க்கும் பட்டறிவு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது தேர்வு மட்டுமே. வேர்ச்செடிக்காக விதை சேர்க்கும்போது அந்த விதை எந்த மரத்துப் பழத்தினுடையது, அப்பழம் பருத்ததா, பால் குறைந்ததா என்று பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஏனெனில் அந்தச் செடி காய்க்கப் போவதே இல்லை. பழத்துக்காக வளர்ப்பதென்றால் தாய்மரத்தைக் குறித்துவைத்து, அதன் கிளையைப் பாலா நாற்றின் மேலேயே ஒட்ட வேண்டும். விதையிலிருந்து வளரும் பாலா காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், ஒட்டுக்கன்று இல்லாமல் எந்த உழவரும் இதை நட முன்வர மாட்டார். தாய்மரக் கிளையை நாற்றோடு நெருக்கிக் கட்டும் நெருக்கு ஒட்டைச் சப்போட்டாவுக்குக் கட்டிப் பழகிய உங்கள் பணியாளர்களின் கைகளுக்கு இது புதிய வேலை அன்று.

சென்னைச் சந்தையை இப்பழம் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பறித்த ஓரிரு நாளில் குழைந்துவிடும் பழம் நெடுந்தூரம் போகாது. மரமும் மிக மெதுவாகவே வளரும். உலக்கைக்கும் செக்குக்கும் உகந்த அந்த வைரம் பாய்ந்த கட்டை அவசரத்தில் உருவாவதன்று. ஆயினும், நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களின் வரப்புகளிலும் கோயில் நிலங்களிலும் பள்ளி வளாகங்களிலும், நீர் ஊற்ற ஆளில்லாத இடங்களில் நிற்கக்கூடிய பழமரங்கள் நமக்கு எத்தனை இருக்கின்றன? 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் மாவையும் சாய்த்துவிட்டுப் போன பகுதியில் இக்கேள்வி வெறும் ஆர்வக் கேள்வி அன்று.

இன்னொன்றையும் கருத வேண்டும். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். அங்கு உதிரும் பழம் முதலில் குரங்குக்கும் மானுக்கும் உரியது. ஊரார் விரும்பும் பழம் தோட்டத்திலும் விளையுமானால், காட்டுக்குள் போய்ப் பறிக்க வேண்டிய தேவை குறையும். வனத்துறையும் இதை எதிர்க்கக் காரணம் இராது.

ஆகவே, வரும் கோடையில் வேர்ச்செடிக்கு விதை வாங்கும்போதே, வனத்துறையின் இசைவோடு நல்ல தாய்மரங்கள் சிலவற்றை அடையாளம் கண்டு, கடலோரப் பண்ணை ஒன்றிலாவது பாலா ஒட்டுக்கன்றுகளைப் பழமரக் கன்றுகளாகவே விற்பனைக்கு வைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஒட்டுக் கட்டாத பாலா நாற்றுகளையேனும் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்து உழவர் ஒருவர்