சக்கரத்தில் சேமித்த ஓட்டம்

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

போன ஞாயிறு மருமகன் காரில் ஏற்காடு போயிருந்தோம். இறங்கும்போது பாதி வழியிலேயே பிரேக் கருகும் வாடை. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டோம். சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். ஆட்களோடு கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள். ஏற்றத்தில் நாம் சேர்த்து வைத்த சக்தி ஏறக்குறைய 4 யூனிட் கரண்டுக்குச் சமம். வீட்டு ஃபேன் ரெண்டு நாள் ஓடும்! காற்றும் எஞ்சினும் தின்றது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகப் போயிற்று. மனசு ஆறவில்லை.

பேரனிடம் ஒரு பொம்மைக் கார் இருக்கிறது. தரையில் நாலு தேய் தேய்த்து விட்டால் ஓடுமே, அது. ஸ்பிரிங் என்றுதான் நினைத்திருந்தேன். பிரித்தால், ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓர் இரும்பு வட்டு, கூடவே மூன்று பல்சக்கரம், அவ்வளவுதான். நாம் தேய்ப்பது வட்டுக்குள் சுழற்சியாகப் போய், அதுவே திரும்பச் சக்கரத்துக்கு வருகிறது. விரலில் பிடித்தால் வண்டு மாதிரி ரீங்கரிக்கிறது.

இதே வித்தையில் ஸ்விட்சர்லாந்தில் பஸ்ஸே ஓட்டியிருக்கிறார்கள். ஓர்லிக்கான் கம்பெனி செய்தது. இவெர்டன் ஊரில் 1953 முதல் 1960 வரை ஓடியது. பஸ்ஸின் தரைப்பலகைக்கு அடியில் ஒன்றரை டன் சுழல்சக்கரம் (ஃப்ளைவீல்), நிமிஷத்துக்கு 3,000 சுற்று. ஸ்டாப்பில் நிற்கும்போது மின்கம்பத்திலிருந்து கரண்ட் வாங்கிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சுழற்சியே கரண்டாகி வண்டியை ஆறு கிலோமீட்டர் போல இழுக்கும்.

ஒன்று கவனி. சக்கரத்தின் எடையை இரட்டித்தால் சக்தியும் இரட்டிப்புதான். வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. அதனால்தான் பிற்பாடு கனத்தை விட்டு வேகத்தைப் பிடித்தார்கள். பிரான்சில் நடக்கும் லே மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் 2012-ல் ஜெயித்த ஆடி (Audi) காரில் இருந்தது கார்பன் நாரில் செய்த லேசான சக்கரம். காற்று உரசாதபடி வெற்றிட உறைக்குள் சுழன்றது. பிரேக் பிடித்தால் வாங்கும், வளைவு தாண்டினால் கொடுக்கும்.

ஏற்காட்டு இறக்கத்துக்கு இது சரிவராது. வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கொடுக்க இடமில்லை. ராத்திரி நிறுத்தி வைத்தால் சேர்த்த சுழற்சி பேரிங் உரசலிலேயே கரைந்துவிடும். ஆனால் ஜங்ஷனிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரும் டவுன் பஸ்ஸை நினைத்துப் பார். 12 டன் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் ஒவ்வொரு தடவையும் 0.2 யூனிட் வீண். அரை நிமிஷத்தில் அதே சக்தி திரும்பத் தேவை. சக்கரத்துக்கென்றே அமைந்த வேலை இது.

டிப்போவில் எத்தனை வருஷம் பிரேக் லைனிங் மாற்றியவன் நீ. கூட்டத்தோடு ஒரு டவுன் பஸ்ஸுக்கு எத்தனை டன் போடலாம், ஒரு செட் லைனிங் எத்தனை நாள் தாங்கும்? உடனே எழுது. அந்த வட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். பேரனுக்கு வேறு கார் வாங்கிக் கொடுத்தாயிற்று.

உன் பழைய கூட்டாளி