லாரல்ல இருந்து அக்காவுக்கு

அக்கா,

உன் லெட்டர் வியாழக்கிழமை வந்துச்சு. சுசி வரஞ்ச டைனோசரை ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன். மாமா ஊர்ல டைனோசர் உண்டான்னு கேட்டிருக்கா, உண்டுன்னு சொல்லு. அமெரிக்காவுல மேரிலாண்ட்ல இருக்க இந்த லாரல்லயே டைனோசர் பார்க்னு ஒண்ணு இருக்கு, கீழ்வீட்டுத் தாத்தா அங்க போய் களிமண்ணுலயே கண்ணா இருப்பாரு, சில சனிக்கிழமை என்னயும் இழுத்துட்டுப் போயிடுவாரு. போகாட்டியும் துணி துவைக்கிறதத் தவிர எனக்கு வேற சோலி கெடயாது. குளிர்ல காது செத்துப் போகுது, அவரு தொப்பிகூட போட மாட்டாரு.

அவரு வாயத் திறந்தா ஆஸ்ட்ரோடான்தான். கழுத்து நீண்ட, தழை திங்கிற ஜாதி. 1998ல மேரிலாண்ட் மாநில டைனோசரே அதான்னு சட்டம் போட்டுட்டாங்க. ஆனா கூத்தப் பாரு, அதுக்குப் பேரு வச்சது ரெண்டே ரெண்டு பல்ல வச்சு. மியூர்கிர்க் பக்கம் இரும்புக்கல் தோண்டுன குழியில 1858ல கெடச்சது, பிலிப் டைசன்ங்கிறவரு அத பால்டிமோர் பல் காலேஜ்ல பாடம் எடுத்த கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன்ட்ட குடுக்க, அவரு குறுக்க அறுத்துப் பாத்தா உள்ள நட்சத்திரம் கணக்கா தெரிஞ்சிருக்கு, அதான் 1859ல நட்சத்திரப் பல்லுன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஆஸ்ட்ரோடான்னு பேரு வச்சுட்டாரு. பெறகு எலும்பு கெடச்சப்ப மார்ஷ்ங்கிற ஆராய்ச்சிக்காரரு 1888ல அதுக்கு ப்ளூரோசீலஸ்னு வேற பேரு வச்சாரு, ஹாட்சர்ங்கிற இன்னொரு ஆராய்ச்சிக்காரரு 1903ல ரெண்டும் ஒண்ணுதான்னாரு. இப்ப என்னடான்னா, அந்தப் பல்லு அந்த வகையில எதுக்கு வேணா இருக்கலாம், இதுக்குன்னு தனி அடையாளமே இல்ல, பேரே சந்தேகம்தான்னு சிலர் சொல்றாங்க. தாத்தாட்ட அதச் சொல்லிட்டேன், அன்னைக்கு முழுக்கப் பேசல. அங்க எடுக்கிறத வீட்டுக்குக் கொண்டுவர விட மாட்டாங்க, சுசி கேட்டா சொல்லிடு.

என் பல் வலி சரியாயிட்டுன்னு அம்மாட்ட சொல்லு, கிராம்பு வச்சேன். ஊருக்கு வரும்போது நம்ம டாக்டர்ட்ட காட்டிக்கிறேன், இங்க எதுக்கு.

நேத்து சொதி வச்சேன். டின்னு தேங்காப்பாலு, ஐஸ்ல வச்ச முருங்கக்கா. ஒரு வாய் வச்சேன், உள்ள என்னமோ பண்ணிருச்சு, அப்படியே மூடி வச்சுட்டேன். ஆச்சி வைக்கிற இஞ்சிப் பச்சடி கண்ணுலயே நிக்கிது அக்கா.

மேலவயல் விஷயத்துல அப்பாவ அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போட விடாத. பெரியப்பா கோவப்பட்டா படட்டும். அத்தான மொதல்ல வில்லங்கம் போட்டுப் பாக்கச் சொல்லு, பட்டா யார் பேர்ல இருக்குன்னு தெரியாம பேச்சே வேண்டாம். இந்த மாசம் பணம் கொஞ்சம் லேட்டாகும், பேங்க்ல ஏதோ மாத்துறாங்க, வேற ஒண்ணும் இல்ல. முருகேசண்ணன்ட்ட இருக்க என் வண்டியத் திருப்பி வாங்கிடு, இன்சூரன்ஸ் முடியப் போகுது.

தம்பி